தவில் எந்தப் பக்கம்?

ஓட்டுப்பட்டறை, குன்னூர்
9 ஜனவரி 2024

மாப்பிள்ளை லோகுவுக்கு,

மச்சான் பழனிச்சாமி எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். பனி விழுந்து தேயிலைச் செடியெல்லாம் கருகிக் கிடக்கிறது. நீயும் மகாலட்சுமியும் சுகமா? சுகமாகத்தான் இருப்பீர்கள், கோயமுத்தூர்க்காரர்களுக்கு என்ன கேடு!

நான் ஏன் போன் எடுப்பதில்லை என்று உன் அக்காவிடம் கேட்டாயாம். இந்த மலையில் சிக்னல் வாசலில் இருந்தால் ஹாலில் இருக்காது. பாதிப் பேச்சில் அறுந்து போகிற போனில் சண்டை போட எனக்கு இஷ்டமில்லை. காகிதத்தில் போட்டால் முழுச் சண்டையும் வந்து சேரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெங்களூரில் இருந்துகொண்டு என் பையன், உன் மருமகன் ஸ்ரீராம் செய்த வேலையைக் கேள். தீபாவளிக்கு அம்மாவுக்குப் பரிசு என்று சுவர் அகலத்துக்கு ஒரு டிவியும் ஹோம் தியேட்டரும் அனுப்பிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்டானா? நீ கட்டிக்கொடுத்த பவர் ஆம்ப், என் இரண்டு பெரிய ஸ்பீக்கர், அவன் அனுப்பிய ஐந்து குட்டி ஸ்பீக்கர், மூலையில் உறுமுகிற ஒரு பெட்டி, எல்லாம் சேர்ந்து ஹால் ரேஷன் கடைக் கிடங்கு ஆகிவிட்டது. பழைய ப்ரீஆம்ப் ஈரத்தில் செத்துப்போனது உனக்குத் தெரியும். மாட்டிவிட வந்தவர்கள் இசைத்தட்டு மெஷினையும் தியேட்டர் ரிசீவரிலேயே சொருகிவிட்டுப் போய்விட்டார்கள்.

நம்முடைய நாதஸ்வரத் தட்டைப் போட்டேன். இத்தனை வருஷமாக நாதஸ்வரக்காரர் இடது பக்கம், ஜன்னலோரம். தவில்காரர் வலது பக்கம், அலமாரியோரம். இப்போது தவில்காரர் எழுந்து போய் நாதஸ்வரக்காரர் மடியில் உட்கார்ந்துகொண்டிருக்கிறார்! வலது பக்கம் செத்துக் கிடக்கிறது. அந்த ரிசீவர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

எனக்கு ஒரு நல்ல ப்ரீஆம்ப் வேண்டும். உன் அக்கா படம் பார்க்கவும் நான் பாட்டுக் கேட்கவும் அதே இரண்டு பெரிய ஸ்பீக்கர் போதுமானதாக இருக்க வேண்டும். இடம் வலம் கூட்டிக் குறைக்க பேலன்ஸ் குமிழ் கட்டாயம் வேண்டும். மே மாதம் நீ வழக்கம்போல் தட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும்.

மகாலட்சுமிக்கு என் விசாரிப்பு.

பழனிச்சாமி


சிங்காநல்லூர், கோவை
17 ஜனவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

லோகுவின் வணக்கம். உங்கள் கடிதம் பொங்கலுக்கு முன்பே வந்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்குக் கால் வலி எப்படி இருக்கிறது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்கள் இசைத்தட்டை ரிசீவரில் சொருகியதற்கு அவர்களைப் பிடித்துக் கட்டி வைத்திருக்க வேண்டும். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு உங்களையும்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். பவர் ஆம்ப் என்பது உழைக்கிற ஆள். ப்ரீஆம்ப் என்பது மேஸ்திரி. வந்திருப்பது இசைத்தட்டா, டிவியா என்று பார்த்து உள்ளே விடுவதும், எவ்வளவு சத்தம் என்று சொல்வதும் அவன் வேலை. உங்களுக்கு வேண்டியது தியேட்டர் பைபாஸ் உள்ள ப்ரீஆம்ப். டிவி ஓடும்போது மேஸ்திரி ஒதுங்கி நின்று வழி விட்டுவிடுவான். சத்தத்தை ரிசீவரே பார்த்துக்கொள்ளும். பாட்டு ஓடும்போது ரிசீவரை அணைத்துவிடலாம், முழு அதிகாரமும் மேஸ்திரிக்கு. சினிமாவுக்கும் சங்கீதத்துக்கும் ஒரே ஸ்பீக்கர்; ஒன்றின் அழுக்கு இன்னொன்றில் ஒட்டாது. கடையில் வாங்க வேண்டாம், நானே கட்டித் தருகிறேன்.

ஆனால் பேலன்ஸ் குமிழ் கிடையாது. இருபத்தெட்டு வருஷம் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், நல்ல ப்ரீஆம்பில் ஒரு தேர்வுக் குமிழ், ஒரு வால்யூம் குமிழ், அவ்வளவுதான். கூடுதலாக ஒரு குமிழ் வைத்தால் கூடுதலாக ஒரு இடத்தில் இசை கெடும்.

ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். ஸ்பீக்கர் ஒயரை இடம் வலம் மாற்றிப் போட்டு அதே தட்டை வையுங்கள். ரிசீவர் சரியாக இருந்தால் தவில் இடது பக்கம் வரும், நாதஸ்வரம் வலது பக்கம் போகும். தவில் எந்தப் பக்கம் போனது என்று எழுதுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு.

லோகு


குன்னூர்
30 ஜனவரி 2024

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலம். உன் அக்காவின் கால் வலி அப்படியேதான். அதைவிட அதிக வலி உன் கடிதம்.

நான் உன் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் இல்லை. எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவன். மெஷினில் குமிழ் இருக்க வேண்டுமா வேண்டாமா என்று மெஷினை ஓட்டுகிறவன் சொல்ல வேண்டும். கட்டுகிறவன் சொல்லக் கூடாது.

உன்னை நம்பிப் பயனில்லை என்று கோவையில் ஒரு கடைக்குப் போனேன். ஆமாம், கோவைக்கு வந்தேன், உன் ஊட்டுக்கு வரவில்லை. கடையில் ஒரு பையன், காதில் கடுக்கன் போட்டவன், "அங்கிள், இப்பெல்லாம் யாருங்க பேலன்ஸ் கேக்கறாங்க? ரிசீவரே ரூமை அளந்து எல்லாத்தையும் சரி பண்ணிக்கும்" என்கிறான். ரூமை அளந்தால் போதுமாடா என்று கேட்டேன். அவன் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விட்டேன்.

இப்போது எடுக்கிற படங்களைப் பற்றி ஒன்று கேட்கிறேன். கதாநாயகன் ஏன் வாயைத் திறக்காமல் பேசுகிறான்? வில்லன் கிசுகிசுக்கிறான், கதாநாயகி முனகுகிறாள், திடீரென்று காரை வெடிக்க வைத்து நம் நெஞ்சை உடைக்கிறார்கள். ஒருவனுக்காவது உச்சரிப்பு இருக்கிறதா? உன் அக்கா மட்டும் எல்லாம் புரிந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

நம் ஹாலில் இடது பக்கம் கண்ணாடி ஜன்னல், வலது பக்கம் தேக்கு அலமாரி. கண்ணாடி சத்தத்தைத் திருப்பி அனுப்பும், அலமாரி விழுங்கிவிடும். அதற்குத்தான் பேலன்ஸ். குமிழோடு கட்டித் தர முடியுமா, முடியாதா? அதை மட்டும் எழுது.

பழனிச்சாமி


கோவை
10 பிப்ரவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். கோவை வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனீர்கள் என்று தெரிந்து மகாலட்சுமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள் வராததற்கு நான் என்ன செய்தேன்?

கண்ணாடியும் அலமாரியும் நேற்று வந்தவையா? அந்த ஹாலில் எத்தனை மே மாதம் உட்கார்ந்திருக்கிறோம்! தட்டு கொண்டு வந்தவன் நடு நாற்காலியில், வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் என்று சட்டம் போட்டதே நீங்கள்தான். நடுவில் உட்கார்ந்தால் தவில் அலமாரி முனையில் கல்லு மாதிரி நிற்கும். அப்போதெல்லாம் அலமாரி எதையும் விழுங்கவில்லையே!

இன்னொன்று. உங்கள் பழைய ப்ரீஆம்பில் பேலன்ஸ் குமிழ் இருந்தது. அது எங்கே போனது? மறந்துவிட்டீர்களா? ஒரு மே மாதம் உங்கள் பக்கத்து வீட்டு லூயிஸ் அண்ணன் விளையாட்டாக அதைத் திருகிவிட்டார். "காது நேரா இருக்கறவனுக்கு இது எதுக்குங்க?" என்று அவரிடம் கத்திவிட்டு, குமிழைப் பிடுங்கித் தோட்டத்தில் எறிந்தவர் நீங்கள். அதைத் தேடிப் போன அக்காவுக்கு அட்டை கடித்தது. இப்போது என்னிடம் பேலன்ஸ் குமிழ் கேட்கிறீர்கள்!

ஒயரை மாற்றிப் போட்டீர்களா? தவில் எந்தப் பக்கம் போனது? போன கடிதத்திலேயே கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை. இரண்டு பேரும் அதே இடது மூலையிலேயே கேட்டால் கோளாறு ரிசீவரிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. அப்புறம் வேறு எங்கே என்று தேட வேண்டியதுதான். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன், அதையும் நீங்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு வரி எழுதிப் போடுங்கள் மச்சான். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லோகு


குன்னூர்
18 மார்ச் 2024

லோகுவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம், போட இஷ்டமில்லை.

என் ஊட்டு ஒயரை நான் மாற்றுவேன், மாற்றாமல் இருப்பேன். தவில் எந்தப் பக்கம் போனால் உனக்கு என்ன? போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்ப அதையே கேட்கிறாய். ஒரு குமிழ் கேட்டதற்கு இத்தனை விசாரணையா? ஒரு குமிழ்! அதை வைத்துக் கொடுத்தால் உன் கௌரவம் குறைந்துவிடுமா? பாலிடெக்னிக் பட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களா?

ப்ரீஆம்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தட்டுகளைக் கட்டி மேலே அட்டத்தில் போட்டுவிடுகிறேன். இந்த வருஷம் மே மாதம் நீ வர வேண்டாம். சீசனில் டூரிஸ்ட் கூட்டம் அதிகம், ரோட்டில் நடக்க முடிவதில்லை, உனக்கும் சிரமம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பழனிச்சாமி


குன்னூர்
22 மார்ச் 2024

என்ற தம்பி லோகுவுக்கு அக்கா அருக்காணி எழுதறது. நல்லா இருக்கியா கண்ணு? மகாலட்சுமிக்கு சர்க்கரை கொறஞ்சுதா?

நான் எழுதறது உன்ற மச்சானுக்குத் தெரியாது. லூயிஸ் அண்ணனோட சம்சாரம் மெட்டில்டா தபால்ல போடறேன்னு சொல்லியிருக்கறாங்க.

அவரு உன்னைய வர வேண்டாம்னு எழுதிப்போட்டாரு. எழுதிப்போட்டுட்டு வந்து, ஹால்ல அந்தப் பக்கத்து நாற்காலியில உக்காந்துட்டாரு. தட்டு எடுத்து மடியில வெச்சிருக்கறாரு, போடல. காப்பி ஆறிப்போச்சு. ஒரு மனுசனைக் கடுதாசியிலயே இப்படி முடக்கிப் போடலாம்னு உனக்கு எந்தக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க?

அவுருக்கு வலது காது கேக்கறதில்ல. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுன்னு அவரு நெனச்சுட்டு இருக்கறாரு. ரோட்டுல எப்பவும் என்னைய இடது கைப் பக்கமாவே போட்டுட்டு நடக்கறாரு. சாப்பிட உக்கார்ற எடத்தை மாத்திட்டாரு. பொழுதுக்கும் "ஏன் முணுமுணுக்கறே, வாயத் தொறந்து பேசு"ங்கறாரு. இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் முணுமுணுத்தது உண்டா? எனக்குக் கத்தித்தானே பழக்கம்! மார்க்கெட் கிட்ட வலது பக்கமா ஒரு டூரிஸ்ட் கார் ஹாரன் அடிச்சுட்டே வந்துது. நான் சட்டையப் புடிச்சு இழுக்காட்டி அன்னைக்கே ஆச்சு. "ஹாரன் அடிக்காம வர்றான் பாரு"ன்னு அந்த டிரைவரைப் புடிச்சு அந்தத் திட்டுத் திட்டுனாரு.

அவரே சொல்லட்டும்னு காத்துட்டு இருக்கேன். நாமளாச் சொன்னா அந்த மனுசன் ஒடஞ்சு போயிருவாரு. நீ பெரிய வாத்தியாரு, ஒயரு அந்தப் பக்கம் போச்சா, இந்தப் பக்கம் போச்சான்னு கேட்டுக் கேட்டு அவரைச் சுவத்தோட சுவரா நிறுத்தி வெச்சிருக்கறே. குமிழ் கேட்டா குமிழ் வெச்சுக் குடு. காரணம் கேக்காதே. மே மாசம் வழக்கமா வர்ற மாதிரி வா. நீ வரலைன்னா நான் உன்ற மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.

அக்கா


கோவை
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

லோகுவின் வணக்கங்கள். தாங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தாங்கள் சொன்ன ஜன்னல் கண்ணாடி விஷயத்தை ஆற அமர யோசித்துப் பார்த்தேன். தாங்கள் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. கட்டடங்கள் வயதாக ஆக மாறும். ஈரம் ஏறிய தேக்கு சத்தத்தை விழுங்கத்தான் செய்யும். நான்தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் பண்ணிவிட்டேன்.

ப்ரீஆம்பைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். தியேட்டர் பைபாஸ் உண்டு. பேலன்ஸ் குமிழும் உண்டு, நல்ல பெரிய குமிழாகவே வைத்திருக்கிறேன். ஒயர் சோதனை எதுவும் தேவையில்லை, அதை விட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுவில் பெட்டி வந்து சேரும்.

தாங்கள் அனுமதித்தால் மே மாதம் வழக்கம்போல் வருகிறேன்.

இப்படிக்கு,
லோகு


குன்னூர்
20 ஏப்ரல் 2024

மாப்பிள்ளைக்கு,

நலம். பெட்டி வந்து சேர்ந்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. குமிழ் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கிறது, ஒரு வருஷச் சண்டைக்குத் தாங்கும்.

ஆனால் உன் பைபாஸ் இருக்கிறதே, அது மனிதன் கண்டுபிடித்ததா, பிசாசு கண்டுபிடித்ததா? முந்தின நாள் ஏதோ ஒரு படத்தில் கதாநாயகன் கிசுகிசுத்தான் என்று ரிசீவரின் சத்தத்தை ஏற்றி வைத்திருந்தேன். மறுநாள் பாட்டுக் கேட்டு முடித்துவிட்டு, உன் அக்காவுக்காகத் தேர்வுக் குமிழை டிவிக்குத் திருப்பினேன். சீரியலில் ஒரு மாமியார் சிரித்தாள் பார், அலமாரியில் இருந்த தட்டு டம்ளர் எல்லாம் கீழே! உன் ப்ரீஆம்பின் வால்யூமைக் குறைக்கிறேன், குறைக்கிறேன், கடைசி வரை திருகிவிட்டேன், ஒரு இம்மி குறையவில்லை. மேஸ்திரி ஒதுங்கி நின்றுவிட்டான் என்று அப்புறம்தான் உறைத்தது. வெடிமருந்து ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆன லூயிஸ், ஒரு கால் செருப்போடு ஓடி வந்தார். "ஏனுங்க, என்னங்க வெடிச்சுது?" என்கிறார். உன் அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை எழுதி அனுப்பக் கூடாதா? வாத்தியாருக்குக் குமிழைப் பற்றி மட்டும்தான் நாலு பக்கம் எழுதத் தெரியுமா?

அது கிடக்கட்டும். நீ எழுதிய கடைசிக் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகையில்கூட நீ என்னைத் தாங்கள் என்று எழுதியதில்லை. இத்தனை லேசில் ஒத்துக்கொள்கிற ஆளும் நீ இல்லை. ஏதோ இருக்கிறது.

மே மாதம் வா. நாதஸ்வரத் தட்டை மறக்காமல் வைத்துக் கேட்போம்.

பழனிச்சாமி


கோவை
27 மே 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பர்லியார் வரை டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நின்றன. அக்கா கொடுத்த பலாச்சுளை இன்னும் மணக்கிறது. மகாலட்சுமி நன்றி சொல்லச் சொன்னாள்.

ஹால் பிரமாதமாக இருக்கிறது. ப்ரீஆம்பும் உங்கள் ஸ்பீக்கரும் அப்படிப் பொருந்திவிட்டன. அன்று மாலை கேட்ட நாதஸ்வரத் தட்டு இன்னும் காதிலேயே இருக்கிறது. தவில் வலது மூலையில் கச்சிதமாக நின்றது, முன்னைவிடத் தெளிவு. நீங்கள் சொன்னது சரி, பேலன்ஸ் குமிழ் அவசியம்தான். ஒரு குறையும் இல்லை.

வெயில் தாழ்ந்து மழை பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோகு


குன்னூர்
1 ஜூலை 2024

லோகுவுக்கு,

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆத்திரம் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பொய்க்காரா! தவில் வலது மூலையில் கச்சிதமாக நின்றதா? முன்னைவிடத் தெளிவா?

அன்று மாலை நீ உன் அக்காவோடு அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் பேலன்ஸ் குமிழை இடது பக்கம் கடைசி வரை திருகி வைத்தேன். வலது ஸ்பீக்கருக்கு ஒரு சொட்டு சத்தம் போகவில்லை. தட்டை ஓடவிட்டு, உள்ளங்கையை அதன் துணி மேல் வைத்துப் பார்த்தேன். ஃபேக்டரியில் ரோலர் ஒழுங்காக ஓடுகிறதா என்று கை வைத்தே சொன்னவன் நான். வெறும் மரமாகக் கிடந்தது. அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டு நடு நாற்காலியில் உட்கார வைத்தேன்.

நாதஸ்வரம் ஒற்றை ஆளாக ஜன்னலோரம் வாசித்துக்கொண்டிருந்தது. தவிலே இல்லை. "எப்படி மாப்ள, தவில்?" என்று கேட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "அலமாரியோரம் கல்லாட்ட நிக்குதுங்க மச்சான்" என்றாய். ஸ்பீக்கரை அரை ஜாண் நகர்த்தியிருந்தால்கூட, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துக் கத்துகிற ஆள் நீ! ஒரு ஸ்பீக்கர் முழுக்கச் செத்துக் கிடக்கிறது, நீ தலையை ஆட்டி ரசிக்கிறாய். அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. உன் அக்கா எழுதிவிட்டாள். எனக்குத் தெரியும். அவள் மேல் கோபமில்லை, அவளுக்கு என்னோடு நடக்கிற கஷ்டம் இருக்கிறது. கோபமெல்லாம் உன் மேல்தான்.

நீ கேட்டாயே, ஒயரை மாற்றினால் தவில் எந்தப் பக்கம் போனது என்று. இதோ பதில். உன் கடிதம் வந்த அன்றே மாற்றிப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. இரண்டு பேரும் இடது மூலையிலேயே இருந்தார்கள். கோளாறு மெஷினில் இல்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. தீபாவளி கழிந்த வாரம் சளி பிடித்துப் படுத்தேன். காலையில் எழுந்தபோது வலது காது இல்லை. சளி இறங்கினால் திறந்துவிடும் என்று நினைத்து, மெஷின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். கோவைக்கு வந்தது கடைக்கு மட்டும் இல்லை. டாக்டர், நாள் கடந்து வந்திருக்கிறீர்கள் என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைக்குப் போனேன். இனி குமிழ்தான் வழி என்று தோன்றியது.

காது போனது பெரிசில்லை லோகு. ஃபேக்டரி மெஷின் சத்தத்தில் கிடந்தவன், ஒரு காது மிச்சம் இருப்பதே அதிகம். நீ வருஷா வருஷம் மலை ஏறி வருவது என் காதுக்காகத்தான். இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்கலாம், ஒன்றாகச் சண்டை போடலாம். காது போனவனைப் பார்க்க நீ எதற்கு வருவாய்? அந்தப் பயத்தில்தான் மறைத்தேன். நான் பயந்தது நடந்துவிட்டது. நீ வந்தாய், இரண்டு நாள் இருந்தாய், ஒரு சண்டைகூடப் போடவில்லை. சரிங்க மச்சான், ஆமாங்க மச்சான். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவன் மாதிரி ஆரஞ்சுப் பழம் ஒன்றுதான் பாக்கி. எனக்கு அது வேண்டாம். அப்படி வருவதானால் இனி வராதே.

பழனிச்சாமி


கோவை
6 ஜூலை 2024

மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஏமாற்றியவர் நீங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை நடு நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு ஸ்பீக்கரைச் சாகடித்து வைத்துச் சோதித்த ஆளை இந்த ஜில்லாவிலேயே நான் பார்த்ததில்லை. அன்று தட்டு கொண்டு வந்தவன் நான். நடு நாற்காலி என் உரிமை. அதை நீங்கள் ஏதோ தானம் கொடுக்கிற மாதிரி கொடுத்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தவில் இல்லாமல் அந்த நாதஸ்வரத்தைக் கேட்க எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நீங்கள் உங்களுக்கு ஏற்ற மாதிரி குமிழைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள், இப்படித்தான் மச்சானுக்கு இனி கேட்கும் என்று நினைத்துவிட்டேன். எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை, அத்தனை படிப்பும் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று நடுவில் எழுந்து போனேனே, அது முகம் கழுவ இல்லை. பின்கட்டில் நின்று அழுதேன். அக்கா பார்த்தாள், கேளுங்கள்.

எதற்கு வருவாய் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதக் கை கூசவில்லையா? நல்ல காது இருக்கிற ஆட்கள் கோவையில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி வைத்து நான் பாட்டுக் கேட்க முடியாதா? அவர்களில் ஒருவன்கூட என்னைப் பொய்க்காரா என்று திட்ட மாட்டான். சார், அருமை சார் என்பார்கள். நான் கட்டியதை நான் கட்டியது என்பதற்காகவே குறை சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான். அதற்காகத்தான் அந்த மலையில் வளைந்து வளைந்து வாந்தி எடுத்துக்கொண்டு ஏறி வருகிறேன்.

ஒரு டாக்டர் சொன்னதோடு விட்டுவிட்டீர்களாக்கும்! அவர் சொன்னதில் பாதிதான் உங்களுக்குக் கேட்டிருக்கும். இன்னொரு டாக்டரைப் பார்க்கிறோம். சரியாகாது என்று அவரும் சொன்னால், எந்த மெஷின் வைக்கலாம் என்று கேட்கிறோம். அதில் எத்தனை குமிழ் இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொள்ளலாம். மகாலட்சுமி உங்களுக்குச் சமைத்து வைப்பாள். இந்த முறை எங்கள் வீட்டுக்கு வராமல் போக முடியாது.

உங்களை அழைத்துவர வெள்ளிக்கிழமை வருகிறேன். நான் வருவதற்குள் பேலன்ஸ் குமிழை நேராகத் திருப்பி வையுங்கள். முதலில் நாதஸ்வரத் தட்டைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். தவில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று நான் சொல்வேன், நீங்கள் இல்லை என்று சொல்ல வேண்டும். நடு நாற்காலி எனக்கு. நீங்கள் என் வலது பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். அப்போதுதான் நான் கத்துவதெல்லாம் உங்கள் இடது காதில் முழுசாக விழும்.

லோகு